கொசுவை ஒழித்தால் போதாதா?

கேள்வி: டெங்குவைக் கொசு பரப்புகிறது, சில மூளைக்காய்ச்சல்களை உண்ணி பரப்புகிறது. அவற்றை ஒழிக்காமல், வைரஸ் செல்லுக்குள் எப்படிப் பெருகுகிறது என்று பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்வதால் நோயாளிக்கு என்ன பயன்? அந்த ஆய்வு ஆபத்தானதல்லவா?

பதில்: கொசு ஒழிப்பு மிக அவசியம், ஆனால் காய்ச்சலில் ஏற்கெனவே படுத்துவிட்டவருக்கு அது உதவாது. டெங்கு வைரஸையே தாக்கும் மருந்து இன்னும் நம் கையில் இல்லாததால், உடலின் நீர்ச்சத்தைக் காத்துக்கொண்டு காத்திருப்பதே சிகிச்சையாக இருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்கும் வழி, வைரஸ் பெருகும் விதத்தை அறிவதில்தான் தொடங்குகிறது.

டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், உண்ணி மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்கள் எல்லாமே பிளேவிவைரஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 11,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழைதான் இவற்றின் மரபுப்பொருள். செல்லுக்குள் நுழைந்த இழையை, புரதம் கட்டும் நம் செல்லின் கருவிகளான ரைபோசோம்கள் சொந்தச் செய்தியைப் போலவே படித்து, ஒரே நீண்ட புரதச் சங்கிலியைக் கட்டித் தருகின்றன. அது வெட்டுப்பட்டு 10 புரதங்களாகிறது. அவற்றுள் 3 வைரஸின் உடலாக அமைய, மற்ற 7 பெருக்கத்துக்கு உழைக்கின்றன. செல்லின் உட்சவ்வுகளைக் குழித்துச் சிறு பைகளாக்கி, நம் தற்காப்பின் கண்ணில் படாதபடி அவற்றுக்குள் நகலெடுப்பை நடத்துவது என்னை இன்றும் வியக்க வைக்கும் செயல். நகலெடுப்பு தொடங்க, இழையின் இரு முனைகளும் ஒன்றையொன்று பற்றி வளையமாக வேண்டும்.

ஆர்.என்.ஏ-வைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதும் வேலையை என்.எஸ்.5 என்ற நொதி செய்கிறது. நம் செல்லின் அன்றாட வாழ்வுக்கு இத்தகைய நொதி தேவையில்லை என்பதால், நமக்கு அதிகம் தீங்கின்றி அதை முடக்க இடமிருக்கிறது. இவ்வைரஸ்களின் தூரத்து உறவான ஹெபடைடிஸ் சி வைரஸில் இதே வகை நொதியைத் தடுக்கும் சோபோஸ்புவிர் மருந்து 2013-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கும்போது அந்நோய் பெரும்பாலானோருக்குக் குணமாகிறது. டெங்குவிலும் இது நடக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

கொசுவின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒப்பிடுவதும் இந்த ஆய்வின் முக்கியப் பகுதி. கொசுவின் செல்களை 28 டிகிரி செல்சியஸ் அளவிலும், மனிதச் செல்களை 37 டிகிரியிலும் வளர்க்கிறார்கள். இரண்டிலும் ஒரே வைரஸ் பெருகுகிறது, ஆனால் கொசு பெரும்பாலும் நோயுறாமல் வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கிறது.

ஆபத்தைப் பற்றிய அச்சம் நியாயமானது. முழு வைரஸைக் கையாளும்போது கடுமையான பாதுகாப்பு விதிகள் உண்டு. ஆனால் பல சோதனைகளுக்கு முழு வைரஸே வேண்டியதில்லை: வைரஸின் உடலாக அமையும் புரதங்களுக்கான மரபணுக்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மின்மினிப்பூச்சியின் ஒளி நொதிக்கான மரபணுவை வைத்த ‘ரெப்ளிகான்’ போதும். அது செல்லுக்குள் தன்னை நகலெடுக்கும், ஆனால் வெளியேறி வேறொரு செல்லைத் தொற்றாது. சோதிக்கும் மருந்து நகலெடுப்பைத் தடுத்தால், செல்லின் ஒளி மங்கிவிடும்.