மாடி தரை கிறீச்சுனு கத்துது, பாக்கி பணம் கொடுக்கணுமா?

கேள்வி: வீட்டை ரெனோவேஷன் பண்ணும்போது மாடி ரூம்ல பழைய தரை மேலயே லேமினேட் பலகை போட்டாங்க. மூணு மாசத்துல நடந்தாலே கிறீச் கிறீச்சுனு சத்தம், நடுவுல கால் வெச்சா அமுங்குது. கான்ட்ராக்டர் "போகப்போக செட் ஆயிடும்"னு சொல்லிட்டு பாக்கியை கேக்குறார். வேற ஆளை வெச்சு பிரிச்சுப் போட்டுடலாமா?

பதில்: தயவுசெஞ்சு இப்போதைக்கு ஒரு பலகையைக்கூட பிரிக்காதீங்க. கோவத்துல பிரிச்சுப் போட்டுட்டு வர்றவங்க கையில புது வேலைக்கான பில் இருக்கும், பழைய தரை எப்படி இருந்துச்சுனு காட்ட ஒண்ணுமே இருக்காது, நியாயம் அவங்க பக்கம் இருந்தும் கேஸ் அங்கயே பலவீனமாயிடும்.

ரெண்டு மீட்டர் மட்டப்பலகை ஒண்ணை அமுங்குற இடத்துல வெச்சு, அடியில தெரியுற சந்துல ஸ்கேலை விட்டு வீடியோ எடுங்க. லேமினேட் கம்பெனிங்க கொடுக்குற ஷீட்ல பெரும்பாலும் 2 மீட்டருக்கு 2, 3 மில்லிமீட்டர் மேடு பள்ளத்துக்கு மேல இருக்கக்கூடாதுனு போட்டிருப்பாங்க, உங்க பெட்டியில வந்த ஷீட்டை தேடி எடுத்து வைங்க. சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை கூட்டிட்டு வந்து கையெழுத்தோட ரிப்போர்ட்டும் வாங்கிடுங்க, சுவர் ஓரம் பலகை விரியறதுக்கு கேப் விட்டிருக்காங்களானு அவரே பாத்து எழுதட்டும்.

கான்ட்ராக்டர் கண்டிப்பா "பழைய தரை கோணல், நான் என்ன பண்றது"ம்பார். தொழில் தெரிஞ்சவர் அவர்தான், மட்டம் பாத்து, லெவல் பண்ணணும்னு போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். ஆனா ஒண்ணு, அவர் அப்பவே லெவலிங்குக்கு தனியா ஆகும்னு மெசேஜ் போட்டு, நீங்க செலவைப் பாத்து வேண்டாம்னு சொல்லியிருந்தா கதையே வேற, அதனால பழைய வாட்ஸ்அப் சாட்டை முழுசா படிங்க, உங்களுக்கு எதிரா இருக்கறதையும் வக்கீல்கிட்ட மறைக்காதீங்க. அந்த ஃபோனை மாத்தவோ சாட்டை அழிக்கவோ வேண்டாம்.

அடுத்து ஸ்பீட் போஸ்ட்ல அவருக்கு ஒரு நோட்டீஸ். என்ன குறை, 15 நாளுக்குள்ள சரி பண்ணணும், அதுவரைக்கும் பாக்கியை நிறுத்தி வெச்சிருக்கேன், இவ்வளவும் போதும். வாயால சண்டை போட்டு பணத்தை நிறுத்துறதும், காரணத்தை எழுதி நிறுத்துறதும் ஒண்ணு இல்லீங்க. பாக்கியைவிட குறை சின்னதுன்னா முழுசையும் பிடிச்சு வைக்காதீங்க, சரி பண்ண ஆகுற அளவுக்கு மட்டும் நிறுத்துங்க.

அவர் வரலைன்னா வேற ஆளை வெச்சு சரி பண்ணிக்கோங்க, பில்லை பத்திரமா வைங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல இது சேவை குறைபாடு. காரணம் ஏற்பட்ட நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடணும், நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கிடையாது. அவர் இன்னொரு தடவை "செட் ஆயிடும்"னு சொன்னா அதை எழுத்துல கேளுங்க, தேதியோட.