"சோவெர்சீவோ" என்று எழுதிக் கொடுத்தது யார்? அமெரிக்க இத்தாலியர் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்மேல் 1900 முதல் 1950 வரை விழுந்த "தீவிரவாதி" முத்திரை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. "சோவெர்சீவோ" என்றால் இத்தாலிய மொழியில் அரசைக் கவிழ்க்கப் பார்ப்பவன். போலீஸ் கோப்புகளில் இருந்த சொல்தான், தெருவிலும் புழங்கியது.

கேள்வி: ஐயா, இத்தாலியன் என்றாலே அராஜகவாதி (அரசே வேண்டாம் என்பவர்) என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது?

1900 ஜூலை 29 அன்று இத்தாலிய மன்னர் முதலாம் உம்பெர்த்தோவை மான்சா நகரில் சுட்டுக் கொன்றவர் கயெத்தானோ பிரெஷி. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் பட்டுத் தறி நெய்துகொண்டிருந்தவர், இதற்காகவே ஊருக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் மெக்கின்லி சுடப்பட்டார். சுட்டவர் அராஜகவாதி, ஆனால் இத்தாலியர் அல்ல. ஆனாலும் அதன் பிறகு வந்த 1903 சட்டம் அராஜகவாதிகளை நாட்டுக்குள் விடக்கூடாது என்றது.

1918 அக்டோபர் 16 சட்டம் இன்னும் கடுமையானது. ஒருவர் எதையாவது செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் கொள்கை உடையவர், அல்லது அப்படிப்பட்ட அமைப்பில் உறுப்பினர் என்று காட்டினாலே நாடு கடத்தலாம். ஜூரி கிடையாது. குடிவரவு அதிகாரி விசாரிப்பார், தொழிலாளர் துறை கையெழுத்துப் போடும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு வார்த்தைக்குக்கூட அவ்வளவு கனம் வந்தது இதனால்தான்.

கேள்வி: எல்லாமே பொய்ப் புகார்தானா? யாருமே குண்டு வைக்கவில்லையா?

வைத்தார்கள். அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் பேச முடியாது. அராஜகவாதி லூயிஜி கலெயானி 1903-ல் வெர்மாண்டின் பாரேயில் தொடங்கிய "க்ரோனாக்கா சோவெர்சீவா" இதழைச் சுற்றி ஒரு சிறு வட்டம் இருந்தது. 1919 ஜூன் 2 இரவு ஒரே நேரத்தில் பல நகரங்களில் குண்டுகள் வெடித்தன. வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல் பால்மரின் வீட்டு வாசலில் வெடித்தது, வைக்க வந்தவரையே சிதறடித்தது. அவர் அந்த வட்டத்தைச் சேர்ந்த கார்லோ வால்தினோச்சி என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே மாதம் கலெயானி நாடு கடத்தப்பட்டார். குற்றம் செய்தவர்கள் சிலர். சந்தேகமோ அந்த இதழுக்குச் சந்தா கட்டியவர்கள், அவர்கள் நாடகம் பார்க்கப் போனவர்கள் என்று எல்லார்மேலும் விழுந்தது.

கேள்வி: போலீஸ் சந்தேகப்பட்டது சரி. சொந்த மக்களே காட்டிக்கொடுத்தார்களா?

இதுதான் முக்கியமான கேள்வி. இத்தாலியக் குடியிருப்புகளில் "பிரொமினென்தி" என்றொரு வர்க்கம் இருந்தது: வட்டிக்கடைக்காரர், ஆள்பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி, பத்திரிகை முதலாளி. நியூயார்க்கின் பெரிய இத்தாலிய நாளேடான "இல் ப்ரொக்ரெஸ்ஸோ"வைத் தொடங்கிய கார்லோ பார்சோத்தியே ஒரு வங்கிக்காரர்தான். வேலைநிறுத்தம் வந்தால் இவர்கள் வருமானம் அடிபடும், "நம் இனத்தின் மானம் போகிறது" என்ற பயமும் உண்டு. அதனால் சங்கம் வைப்பவனுக்கு முதல் முத்திரை பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வந்தது.

அந்தப் பேச்சு துணைத் தூதரகத்துக்குப் போகும், அங்கிருந்து ரோமுக்கு. இத்தாலிய உள்துறை 1894-ல் தொடங்கிய மைய அரசியல் பதிவேட்டில், காலப்போக்கில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தனிநபர் கோப்புகள் சேர்ந்தன. ஒரு கோப்பின் முதல் தாளைப் பாருங்கள்: உயரம், மூக்கின் வடிவம், நடை, வழக்கமாக உடுத்தும் உடை. அதன் கீழே "பொதுமக்களிடையே இவருக்குள்ள பெயர்" என்றொரு வரி. அந்த வரியை நிரப்பியது சாட்சியம் அல்ல, ஊர் வாய்.

தீவிரவாதிகளுக்குள்ளும் இதே நோய் இருந்தது. பாரேயில் கிரானைட் கொத்த வந்த இத்தாலியரில் அராஜகவாதிகளும் சோஷலிஸ்டுகளும் எதிரெதிர். 1903 அக்டோபர் 3 அன்று தொழிலாளர் மன்றத்தில் சோஷலிஸ்ட் பத்திரிகையாளர் செர்ராத்தியின் கூட்டம். அவர் வரத் தாமதம், அதற்குள் கைகலப்பு. அதில் சுடப்பட்ட சிற்பி எலியா கோர்த்தி மறுநாள் இறந்தார். ஹோப் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய ஆளுயரச் சிலை இருக்கிறது. தலையைக் கையில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கோட்டின் பொத்தானும் மடிப்பும்கூடக் கல்லில் தெரிகின்றன, காலடியில் அவருடைய கொத்துக் கருவிகள். செதுக்கியது குடும்பத்தாரே. பின்னாளில், தலைமறைவாக இருந்த கலெயானியின் இருப்பிடத்தைச் செர்ராத்தி அம்பலப்படுத்திவிட்டார் என்று சொல்லி, அவருக்கு "உளவாளி" பட்டம் கட்டியது கலெயானி தரப்பு.

கேள்வி: வான்செட்டி வழக்கில் "விலாங்கு மீன் சாட்சி" என்று ஏதோ படித்தேன். என்ன அது?

வான்செட்டியும் சாக்கோவும் மாசசூசெட்ஸில் வாழ்ந்த இத்தாலிய அராஜகவாதிகள். இருவர்மேலும் சேர்த்து நடந்த கொலை வழக்குக்கு முன்பே, 1920 கோடையில் பிளைமவுத்தில் வான்செட்டிமேல் ஒரு கொள்ளை முயற்சி வழக்கு நடந்தது. சம்பவம் 1919 டிசம்பர் 24 காலை. வான்செட்டி மீன் வியாபாரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இறைச்சி தவிர்த்து மீன் சமைப்பது இத்தாலியக் குடும்ப வழக்கம், அதில் விலாங்குக்குத் தனி இடம். அன்று காலை அவரிடம் விலாங்கு வாங்கினோம் என்று பத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் கூண்டேறிச் சொன்னார்கள். கூடப் போய் மீன் கொடுத்த 13 வயதுச் சிறுவனும் சொன்னான்.

ஜூரி நம்பவில்லை. அரசு வழக்கறிஞர் கட்ஸ்மன் அந்தச் சிறுவனிடம், கதையை எத்தனை முறை ஒப்பித்துப் பார்த்தாய் என்ற தோரணையில் கேட்டார். பெரும்பாலோர் பேசியது மொழிபெயர்ப்பாளர் வழியாக. எல்லாரும் ஒரே தெருக்காரர், ஒரே மொழிக்காரர் என்பதே அவர்களுக்கு எதிரானது. வீடு வீடாக மீன் விற்பவனை அவன் தெருக்காரர்தானே பார்த்திருக்க முடியும்? வான்செட்டி கூண்டேறவும் இல்லை. ஏறினால் அரசியல் வெளியே வரும் என்ற பயம். தண்டனை 12 முதல் 15 ஆண்டு. அடுத்த ஆண்டு கொலை வழக்குக்கு அவர் வந்தபோது ஏற்கெனவே "தண்டனை பெற்றவர்". நீதிபதியும் அதே வெப்ஸ்டர் தேயர்தான்.

கேள்வி: நிரபராதி என்றால் கைதானபோது ஏன் பொய் சொன்னார்கள், சார்?

தேதிகளை அடுக்கிப் பாருங்கள். 1920 மே 3: அவர்கள் தோழர் அந்திரேயா சால்சேதோ, நியூயார்க்கில் அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையின் (இன்றைய எஃப்.பி.ஐ.) காவலில் இருந்தபோது 14-வது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். மே 5: பிராக்டனில் டிராம் வண்டியில் இருவரும் கைது. இடுப்பில் துப்பாக்கி. நண்பர்கள் யார், என்ன கொள்கை என்று கேட்டார்கள், கொலை பற்றி நேராகச் சொல்லவில்லை. நாடு கடத்தப் போகிறார்கள் என்று நினைத்துப் பொய் சொன்னோம் என்பது அவர்கள் வாதம். அரசுத் தரப்போ அந்தப் பொய்யைக் "குற்ற உணர்வின் அடையாளம்" ஆக்கியது. அதற்குப் பதில் சொல்ல, "நாங்கள் அராஜகவாதிகள்" என்று அவர்களே ஜூரி முன் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: கடைசியில் குற்றவாளிகளா, இல்லையா?

இன்றும் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. 1961-ல் நடந்த சோதனை, ஒரு தோட்டா சாக்கோவின் கோல்ட் துப்பாக்கியுடன் பொருந்துவதாகச் சொன்னது. அந்தத் தோட்டாவே மாற்றப்பட்டது என்ற எதிர்வாதமும் உண்டு. வான்செட்டிக்கு எதிரான ஆதாரம் அதைவிட மிக மெலிது. என் கருத்து: விசாரணை நேர்மையாக நடக்கவில்லை, அதைச் சொல்லத் தோட்டா விவகாரம் தீர வேண்டியதில்லை. 1927 ஆகஸ்ட் 23-ல் இருவரையும் மின்நாற்காலியில் கொன்றார்கள். 50 ஆண்டு கழித்து, 1977-ல், விசாரணை நியாயமற்றது என்று மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸ் பிரகடனம் வெளியிட்டார்.

கேள்வி: முசோலினி வந்தபிறகு பிரொமினென்திகளின் நிலை?

முதலில் ஓங்கியது. முசோலினியை எதிர்த்து எழுதிய கார்லோ திரெஸ்காவை, இத்தாலியத் தூதரின் தூண்டுதலில், கருத்தடை பற்றிய சின்ன விளம்பரம் ஒன்றைக் காரணம் காட்டி 1925-ல் சிறைக்கு அனுப்பினார்கள். அதிபர் கூலிட்ஜ் தண்டனையைக் குறைத்ததால் நான்கு மாதத்தில் வெளியே வந்தார்.

அமெரிக்காவும் இத்தாலியும் போரில் எதிரெதிரே நின்ற 1942-ல் காற்று திசை மாறியது. கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் டென்னி குழு சான் ஃபிரான்சிஸ்கோவில் விசாரணை வைத்தது. இப்போது புகார் சொன்னவர்கள் பாசிச எதிர்ப்பாளர்கள், பத்திரிகையாசிரியர் கார்மெலோ சீத்தோ போன்றவர்கள். பாசிச ஆதரவாளர் என்று மாட்டியவர்கள் நகரப் பெரியவர்கள்: மேயர் ஆஞ்செலோ ரோஸி, கத்தோலிக்க வழக்கறிஞர் சில்வெஸ்டர் ஆந்திரியானோ. ஆந்திரியானோவை ஊரை விட்டே வெளியேறச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டது. யார் புகார் சொன்னது என்று தெரியாமலே தன்னை நிரபராதி என்று காட்ட வேண்டிய நிலை அவருக்கும் வந்தது.

கேள்வி: வீட்டோ மார்க்கன்டோனியோ?

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன உறுப்பினர், கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டோடே வென்று வந்தவர். 1950-ல் மூன்று கட்சிகள் சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்தித்தான் தோற்கடிக்க முடிந்தது. 1954-ல் தெருவில் விழுந்து இறந்தபோது, கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்ய மறைமாவட்டம் மறுத்தது. அவர் சட்டைப்பையில் சிலுவை இருந்தது.

கேள்வி: ஒருவரின் கோப்பைத் தேடுவது எப்படி?

ரோமில் உள்ள மைய அரசு ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தொடங்குங்கள். பிறப்புப் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு மூன்றும் வேண்டும். பெண்களுக்குத் தந்தை வழிக் குடும்பப் பெயர். பட்டியலில் தொழில், வசித்த நாடு, "அரசியல் நிறம்" எல்லாம் வரும். பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேளுங்கள்.

அமெரிக்கத் தரப்பில் புலனாய்வுத் துறையின் பழைய கோப்புகள் எம்1085 என்ற மைக்ரோஃபிலிம் தொகுதியில் உள்ளன. அதில் "பழைய ஜெர்மன் கோப்புகள்" என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள், பெயர் ஜெர்மன் என்றாலும் இத்தாலியரும் அதில்தான். பெரும்பாலோர் தவறுவது பெயரில். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், நான்கைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். சாக்கோவே ஞானஸ்நானப் பெயரில் ஃபெர்தினாந்தோ, "நிக்கோலா" இறந்த அண்ணன் பெயர். மெக்சிகோ பயணத்தை ஒட்டித் தாய்வழிப் பெயரான மோஸ்மாக்கொத்தெல்லியை வைத்துக்கொண்டார்.

கோப்பு கிடைத்ததும், ஒவ்வொரு தாளிலும் தகவல் கொடுத்தவர் யார் என்பதை ஓரத்தில் குறியுங்கள்: நேரில் பார்த்த அதிகாரி, தூதரகம், மொட்டைக் கடிதம். ஒரே வதந்தி மூன்று அலுவலகம் சுற்றி மூன்று "ஆதாரம்" ஆகியிருக்கும். தேதிவாரியாக அடுக்கினால், பிந்தைய இரண்டும் முதல் கடிதத்தின் வாக்கியத்தையே நகலெடுத்திருப்பது கண்ணில் படும்.