ஐசியூல இருக்கறவருக்குத் தலை சீவற பயிற்சியா?

கேள்வி: எங்க அப்பிச்சி கோயமுத்தூர்ல ஐசியூல வெண்டிலேட்டர்ல இருக்காருங்க. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கறவர்) வந்து சீப்பைக் கைல குடுத்துத் தலை சீவச் சொல்றாரு. இந்த நெலமைல இது தேவைங்களா? – வாசகி, கோபி

பதில்: கண்டிப்பா தேவைதானுங்க. படுத்தே கெடந்தா சதை வேகமாக் கரைஞ்சிரும், புத்தியும் கொழம்பிப் பகலா ராத்திரியான்னே தெரியாமப் போயிரும், சீப்பைப் புடிச்சுத் தலைக்குக் கொண்டுபோறதுல விரல், மணிக்கட்டு, தோளு, கவனம் எல்லாமே வேலை செய்யுதுங்க. 2009ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த அமெரிக்க ஆய்வுல, ரெண்டு குழுவுக்குமே மயக்க மருந்தைத் தெனமும் நிறுத்திப் பாத்தாங்க; அதுல ஆரம்பத்துலயே பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் குடுத்தவங்கள்ல டிஸ்சார்ஜ் ஆகறப்ப தன் வேலையத் தானே பாத்துக்கிட்டவங்க 59 சதவீதம், மத்தவங்கள்ல 35தான். பிபி, ஆக்சிஜன் பாத்துட்டேதான் செய்வாங்க, பயப்படாதீங்க. புத்தி கொழம்பாம இருக்க, அப்பிச்சியோட கண்ணாடி, காது மெஷின் இருந்தா நர்சைக் கேட்டுட்டு மொதல்ல கொண்டுபோய்க் குடுங்க.