பழைய தோல் ஷூ வாங்குகிறவர்கள் கேட்டவை

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஆன்லைனில் ஒரு பழைய ஷூ பார்த்தேன், வாங்கலாமா வேண்டாமா? சோல் தேய்ந்திருக்கிறது, ஹீல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, லேஸ் இல்லை என்றெல்லாம் கவலைப்படுகிறீர்கள். அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மேல்தோல் வெடித்திருந்தால் கதை முடிந்தது, அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: 1970களின் ஃப்ளோர்ஷைம் கம்பெனி ‘இம்பீரியல்’ வரிசை லாங்விங் (முன்பக்கத் தோல் துண்டு இறக்கை போலப் பின்னால்வரை ஓடும் ஷூ) ஒன்று அமெரிக்காவிலிருந்து விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘கார்டோவன்’ என்று போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கிறார் விற்பவர். நிஜமான கார்டோவன்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், அந்தச் சொல்லை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்க விற்பனையாளர்கள் பலர் கருஞ்சிவப்பு நிறத்துக்கே கார்டோவன் என்று எழுதுவார்கள், தோல் சாதாரணக் கன்றுத்தோலாக இருக்கும். நிஜமான ஷெல் கார்டோவன் குதிரையின் பின்பகுதியில், தோலுக்கு உள்ளே இருக்கும் ஒரு நார்ப்படலத்திலிருந்து வருகிறது. சிகாகோவில் 1905 முதல் இயங்கும் ஹார்வீன் தொழிற்சாலையில் இதைப் பதப்படுத்த குறைந்தது ஆறு மாதம் பிடிக்கிறது, விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள்: விரல்கள் மடங்கும் இடம், பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்தது. கன்றுத்தோல் என்றால் அங்கே மெல்லிய சுருக்கங்கள் நிறைய ஓடும், உற்றுப் பார்த்தால் மயிர்க்கால் துளைகளும் தெரியும். கார்டோவன் சுருங்காது, இரண்டு மூன்று தடித்த அலைகளாக உருண்டு மடியும், துளை என்று ஒன்றும் இருக்காது. அலையின் உச்சியில் நிறம் கொஞ்சம் வெளிறியிருப்பது சகஜம், பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மழைத்துளி பட்டு எழும்பும் சின்னக் கொப்புளங்களும் கார்டோவனுக்கே உரியவை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஹீலின் பின்னால் V வடிவ உலோகத் துண்டு பதித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தக் கால இம்பீரியலின் அடையாளம் அது. ஆனால் அது தோலைப் பற்றி எதுவும் சொல்லாது. கன்றுத்தோல் இம்பீரியலிலும் அது உண்டு.

கேள்வி: லண்டனில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் சர்ச்சஸ் என்ற இங்கிலாந்து கம்பெனியின் ஷூ வாங்கினேன். எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது?

உள்ளே குதிகால் பகுதியில் முத்திரையைப் பாருங்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயர்கள் இருக்கும், ஊர்கள் குறைவாக இருந்தால் பழையது என்பது சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு எச்சரிக்கை: அந்த ஷூ ரிப்பேருக்குப் போயிருந்தால் உள் அட்டையையே மாற்றியிருப்பார்கள், அப்போது முத்திரை பொய் சொல்லும். லாஸ்ட் (ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு) எண் 73 என்றிருந்தால் 1999-இல் இத்தாலியின் பிராடா அந்தக் கம்பெனியை வாங்குவதற்கு முந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு 173 வந்தது. உங்களுடையது கண்ணாடி மாதிரி மினுக்கும் ‘பாலிஷ்ட் பைண்டர்’ தோலா என்பதையும் கவனியுங்கள். மேலே பூச்சு ஏற்றிய தோல் அது, க்ரீம் உள்ளே இறங்காது, மடியும் இடத்தில் வெடித்தால் வெடித்ததுதான். எனக்கு அந்தத் தோல் பிடிக்காது. சாதாரணக் கன்றுத்தோல் சர்ச்சஸ் கிடைக்கும்போது இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

கேள்வி: 30 வருஷம் பெட்டியிலேயே இருந்த, ஒருமுறைகூடப் போடாத ஷூ. அப்படியே போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாமா?

போகாதீர்கள். போடாத ஷூ என்றால் புதிய ஷூ என்று அர்த்தம் இல்லை. தோலில் இருந்த எண்ணெய்ப் பசை வற்றியிருக்கும், முதல் பத்து அடியிலேயே மடிப்பில் கோடு விழுந்துவிடும். லேஸைக் கழற்றிவிட்டு கண்டிஷனரை (தோலுக்கு எண்ணெய்ப் பசை ஊட்டும் க்ரீம்) மெல்லியதாகத் தடவுங்கள், ஒரு நாள் விடுங்கள், மறுபடியும் ஒரு தடவை. உள் சோலுக்கும் கொஞ்சம் தடவ வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். அப்புறம் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். மடிப்பின் அடியில் நிறம் ஏறாத வெளிர்த் தோல் மயிரிழை போலத் தெரிந்தால் அது சுருக்கம் இல்லை, விரிசல். உள் சோலே குறுக்காக வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பாலியூரித்தேன் சோல் போட்ட ஷூவாக இருந்தால் பெட்டிக்குள் இருந்தபடியே ஈரப்பதத்தால் சிதைந்து, நடக்கும்போது துண்டு துண்டாக உதிரும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். மழைக்காலம் வந்தால் அலமாரியில் எல்லா ஷூவிலும் பூஞ்சை.

ஷூவை வெளியே கொண்டுபோய் பிரஷ் செய்யுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சைத் துகள் மற்ற ஷூக்களுக்கும் போகும். 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், முதலில் ஷூவின் நாக்குக்கு அடியில் ஒரு மூலையில் துடைத்து நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டு. லைனிங்கையும் துடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் காயவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகே கண்டிஷனர், அதுவும் கொஞ்சமாக, ஏனென்றால் தோலில் தேங்கும் கொழுப்பு பூஞ்சைக்கும் தீனி. பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைக்கிற பழக்கத்தை இன்றே விடுங்கள். அலமாரிக் கதவைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைப்பதே பாதி வைத்தியம்.

கேள்வி: அமெரிக்க சைஸ் 9D என்று போட்டிருக்கிறது. எனக்கு இங்கிலாந்து சைஸ் 8. சரியாக வருமா?

ஏறக்குறைய வரும். ஆண்கள் ஷூவில் அமெரிக்க எண் பொதுவாக இங்கிலாந்து எண்ணைவிட ஒன்று கூடுதல், D என்பது அவர்களுடைய சாதாரண அகலம். ஆனாலும் லாஸ்ட்டுக்கு லாஸ்ட் மாறும், அதனால் எண்ணை விட்டுவிட்டு, உங்களுக்குச் சரியாக இருக்கும் ஷூவின் வெளிச்சோல் நீளத்தையும் அதிக அகலத்தையும் அளந்து விற்பவரின் அளவோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அடுத்தவர் காலில் கிடந்த ஷூவைப் போடுவது ஆரோக்கியமா?

உள்ளே ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, சில நாள் காற்றாட விட்டுப் போடுங்கள். நாற்றம் அப்படியும் போகாவிட்டால் வாங்கியிருக்கவே கூடாது.

கேள்வி: சோல் மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

குட்இயர் வெல்ட் ஷூவாக இருந்தால் ஒட்டக் கொடுக்காதீர்கள். மேல்தோலையும் உள் சோலையும் சுற்றி ‘வெல்ட்’ என்ற ஒரு தோல் பட்டையைத் தைத்திருப்பார்கள், வெளிச்சோல் அந்தப் பட்டையோடு மட்டும் தைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் மேல்தோலைத் தொடாமலே சோலைப் பிரித்து மாற்ற முடிகிறது. ரிப்பேர்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பட்டையோடு சேர்த்துத் தைப்பீர்களா, உள் சோலுக்கும் வெளிச்சோலுக்கும் நடுவே நிரப்பியிருக்கும் கார்க்கையும் மாற்றுவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடுக்கலாம். முடிந்தவரை பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துளை போட்டால் பட்டை கிழியும், பிறகு பட்டையையும் மாற்றும் செலவு வரும். அப்படித் தைப்பவர் கிடைக்கவில்லை, சோல் இன்னும் ஓட்டையாகவில்லை என்றால், மெல்லிய ரப்பர் சோல் ஒன்றை அடியில் ஒட்டிக்கொண்டு ஆள் கிடைக்கும் வரை ஓட்டலாம். அமெரிக்காவின் அலன் எட்மண்ட்ஸ், சர்ச்சஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் ஷூவைத் தாங்களே புதுப்பித்துத் தருகின்றன, ஆனால் அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.