உங்கள் பெயரில் ஒரு மூட்டை

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போடியிலிருந்து எழுதுகிறேன். வயது முப்பத்து மூன்று. மெக்கானிக்கல் படித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தேன். அது ஏழு வருடமாகிவிட்டது. கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டமும், காய் உலர்த்துகிற ஒரு ஸ்டோரும் இருக்கின்றன. எங்கள் காயோடு அக்கம்பக்கத்தார் காயையும் கூலிக்கு உலர்த்திக் கொடுக்கிறோம். திங்கட்கிழமை மலையேறினால் சனிக்கிழமைதான் இறங்குவேன்.

கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் ஏதாவது படம் வரும். ஒருவன் அமெரிக்காவில் வீடு வாங்கிவிட்டான், ஒருவன் சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டான். பெண் பார்க்கப் போனால் "பையன் இன்ஜினியர்" என்று அம்மா சொல்வார். அடுத்த கேள்வி வரும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பென்னிகுவிக் அணை கட்டிய மண்ணில் பிறந்துவிட்டு நீங்கள் என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேட்பார்கள். அந்தக் கேள்வி இப்போதும் காதில் கேட்கிறது.

முன்னேற்றத்துக்கான வீடியோக்களைப் பார்த்து காலை ஐந்து மணிக்கு எழுகிறேன். இலக்குகளை நோட்டில் எழுதுகிறேன். உனக்குப் பிடித்த வேலையைக் கண்டுபிடி, வெற்றி தானாக வரும் என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஸ்டோர் வேலைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு வாசலில் நின்றாலே வாசனையை வைத்து உள்ளே சூடு கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். தெர்மாமீட்டரை அப்புறம்தான் பார்ப்பேன், சரியாக இருக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காயை விற்க அப்பாதான் ஏலத்துக்குப் போகிறார், அப்பாதான் ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார், எப்போது காய் எடுப்பு என்பதையும் அப்பாதான் சொல்வார். கேட்டால் எனக்குச் செலவுக்குத் தருவார்.

துபாயில் இருக்கும் மச்சான் அங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். போய்விடலாமா அண்ணே?

கே.

---

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில் எழுத்தின் நடையே மாறுகிறது. அதுவரை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்றே எழுதிக்கொண்டு வருகிறீர்கள். ஸ்டோர் வாசலுக்கு வந்ததும் "சொல்லிவிடுவேன்", "சரியாக இருக்கும்" என்கிறீர்கள். அங்கே தயக்கமே இல்லை. தொழிலைத் தெரிந்தவனின் பேச்சு அது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பச்சை ஏலக்காயைப் பறித்து அதிக நேரம் வைத்திருக்க முடியாது. சீக்கிரம் ஸ்டோருக்குள் போயாக வேண்டும். அங்கே ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு பகல் ஓர் இரவு, சில சமயம் அதற்கு மேலும் கிடந்து உலரும். சூடு அறுபதைத் தாண்டினால் பச்சை நிறம் கெட்டு, வாசனை எண்ணெயும் போய்விடும். குறைந்தால் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். நிறம் போன காய்க்கு விலையும் போய்விடும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிற இந்த வேலையில், தோட்டக்காரனின் பல மாத உழைப்பு அந்த ஓர் இரவில் ஸ்டோர்க்காரன் கையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் தங்கள் காயை நம்பி உங்களிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்றால் அது சும்மா வந்த நம்பிக்கையா?

"பிடித்த வேலையைக் கண்டுபிடி" என்ற அறிவுரை நம் பிள்ளைகளுக்கு நிறையக் கெடுதல் செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பிடித்தது என்று ஒன்று எங்கோ ஒளிந்திருப்பதாகவும், அதைத் தேடி எடுத்தால் போதும் என்றும் ஆகிவிடுகிறது. நான் பார்த்தவரையில் பலருக்கும் கை பழகிய பிறகுதான் மனசு ஒட்டியது. மலையில் முதல் வருடம் அட்டைக்கடியும் மழையும் யாருக்குப் பிடிக்கும்? விதை கறுத்த கரிங்காய் எது, இன்னும் பத்து நாள் விட வேண்டியது எது என்று விரலுக்குத் தெரியத் தொடங்கிய பிறகு அதே வேலை வேறொன்றாகிவிடும். அந்தக் கட்டத்தை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் இவ்வளவு வெறுமை? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்பாதான் போகிறார், அப்பாதான் கொடுக்கிறார், அப்பாதான் சொல்வார். உங்களுக்குத் தேர்ச்சி இருக்கிறது, தீர்மானம் எதுவும் உங்களுடையதாக இல்லை. காய் நல்ல விலைக்குப் போனால் அப்பாவின் சாமர்த்தியம், போகாவிட்டால் சந்தை சரியில்லை. வெற்றியும் உங்களிடம் வருவதில்லை, தோல்வியும் வருவதில்லை. முப்பத்து மூன்று வயதில் செலவுக்குக் கை நீட்டுகிறவனுக்கு எந்த வேலை நிறைவு தரும்? துபாய்க்குப் போனாலும் முதல் சம்பளம் உங்கள் பெயரில் வருகிற சந்தோஷம்தான் முதலில் தெரியும். அதை வேலையின் சந்தோஷம் என்று நினைத்துவிடுவீர்கள்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கம்பத்துத் திராட்சைத் தோட்டத்திலும், சின்னமனூர் அரிசி மண்டியிலும், போடி ஏலக்காய்க் கடையிலும் நரைத்த தலையோடு இன்னும் கல்லாச் சாவி கைக்கு வராத மகன்களைப் பார்த்திருக்கிறேன். அப்பாக்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஜீப்பில் தொங்கிக்கொண்டு கூலிக்கு மலையேறியவர்கள், ஒவ்வொரு ஏக்கராகச் சேர்த்தவர்கள். 2018 வெள்ளத்தில் இடுக்கி மலை சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். கையை விட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் அவர்கள் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மகனின் வயது போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் மலையிலேயே நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், 1980களின் பிற்பகுதியில் தன் தோட்டத்தில் ஒரு செடி மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் காய்ப்பதைக் கவனித்தார். அதைத் தூர் பிரித்து நட்டார், அதிலிருந்து மறுபடியும் பிரித்து நட்டார். அவர் வீட்டுப் பெயரால்தான் அந்த ரகத்தை ஞள்ளானி என்கிறோம். இன்று இடுக்கியில் பெரும்பாலான தோட்டங்களில் நிற்பது அதுதான், உங்கள் நான்கு ஏக்கரிலும் அதுவாகத்தான் இருக்கும். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய கூர்ந்த பார்வையைப் புகழ்வார்கள். அது சரிதான். ஆனால் அப்படிப்பட்ட பார்வை தோட்டத்தில் வேலை பார்க்கிற பலருக்கும் உண்டு. தான் பார்த்ததை நம்பி, இருக்கிற செடியைப் பிடுங்கிவிட்டு அதை நடும் உரிமை அவர் கையில் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. "அப்பா, இந்த ஒரு செடி வேற மாதிரி இருக்கு" என்று ஒரு மகன் சொல்ல, "போய் வேலையைப் பாரு" என்ற பதிலோடு முடிந்துபோன செடிகள் எத்தனையோ!

அதனால் உங்கள் நோட்டில் இருக்கும் மூன்று வருட இலக்கையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்பாவிடம் ஒரே ஒரு ஏக்கர் கேளுங்கள். எழுதி வாங்க வேண்டாம், ஒரு பருவத்துக்கு மட்டும் கேளுங்கள். உரம் எப்போது, எடுப்பு எப்போது, ஆட்கள் எத்தனை, எந்த ஏலத்துக்கு அனுப்புவது, எல்லாம் உங்கள் முடிவு. ஸ்டோரில் உலர்த்த வெளியாள் கொடுக்கிற கூலியை அப்பாவுக்கு நீங்களும் கொடுங்கள். லாபம் உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது.

"எல்லாம் உனக்குத்தானேடா" என்பார். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான், மனசார சொல்வதும்கூட. "அப்போ ஒரு ஏக்கரை இப்போதே கொடுத்துப் பாருங்கப்பா, நீங்க பக்கத்துல இருக்கும்போதே தப்பு பண்ணிப் பழகிக்கிறேன்" என்று கேளுங்கள். விலை விழுந்த நாளில் கேட்காதீர்கள். அம்மாவைத் தூது விடாதீர்கள். கேட்கும்போது கையில் கணக்கு இருக்கட்டும்: போன பருவத்தில் எத்தனை கிலோ பச்சைக்காய் உள்ளே போனது, எத்தனை கிலோ வெளியே வந்தது, அதில் எட்டு மில்லிமீட்டர் பருமனுக்கு மேல் எவ்வளவு. உங்களைப் போன்றவர் இதைக் குறித்து வைக்காமல் இருந்திருக்க மாட்டார்.

விலையை மட்டும் உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்துக்குப் பின்னால் வறட்சியும் வந்து காய் அருகிப்போன 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் ஏழாயிரம் ரூபாய் வரை போனது. அப்போது மலையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரம் ரூபாயே பெரிது என்று ஆனபோது அதே ஆட்கள் தங்களைத் தோற்றுப்போனவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதே செடி, அதே ஸ்டோர், அதே கைகள்தான். விலை யார் யார் கையிலோ இருக்கிறது, மழை யார் கையிலும் இல்லை. உலர்த்தலில் மிஞ்சிய எடையும், காயின் நிறமும், வெடிக்காமல் வந்த காயின் அளவும் உங்கள் கையில் இருப்பவை. ஏலத்தில் உங்கள் காயின் லாட் எண் வரும்போது வியாபாரி சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றைப் பிளந்து முகர்ந்து பார்ப்பார். விலை எவ்வளவு போனாலும் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள், உங்கள் வேலைக்கான பதில் அங்கே தெரியும்.

நண்பர்கள் குழுவை விட்டு விலகச் சொல்ல மாட்டேன். அவர்கள் உங்கள் நண்பர்கள், வீடு வாங்கினால் வாழ்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஐம்பத்திரண்டு டிகிரிக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்களிடமிருந்து உங்கள் தொழிலுக்கான மதிப்பை எதிர்பார்த்து என்ன பயன்? தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் மயிலாடும்பாறையில் இருக்கிறது, கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பாம்பாடும்பாறையில் ஒன்று இருக்கிறது. உலர்த்தல் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு நாள் போங்கள். மெக்கானிக்கல் படித்தவர், அடுப்புப் புகைக்குழாயிலும் காற்றோட்டத்திலும் உங்களுக்குச் சொல்லவும் கேட்கவும் நிறைய இருக்கும். ஏழு வருடம் பூப்பாறையில் இருந்தவருக்கு மலையாளம் ஒரு தடையாக இருக்காது.

பென்னிகுவிக்கைப் பற்றி ஒன்று. பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைப்பதைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த வேலை. நடுவில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் சுமந்தவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியாது. அவர்களும்தான் கட்டினார்கள். பிள்ளைகளிடம் அணையைக் காட்டி நீ என்ன சாதித்தாய் என்று கேட்பது அந்த மனிதருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. அந்தக் கேள்வியை இறக்கி வைத்துவிடுங்கள்.

கல்யாண விஷயம். அடுத்த முறை அம்மா வாய் திறப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள்: "ஏலக்காய் ஸ்டோர் நடத்துகிறேன், வாரத்தில் ஐந்து நாள் மலையில் இருப்பேன்." சில இடம் தட்டிப்போகும். போகட்டும். மறைத்துக் கட்டிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கும் அது கஷ்டம்.

துபாய் போகலாமா என்று கேட்டீர்கள். கடன் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கழுத்தை நெரிக்கிற கடன் இருந்தால் யோசிக்காமல் போங்கள், அது வேறு கணக்கு. இல்லையென்றால் முதலில் அப்பாவிடம் பேசுங்கள். ஆகஸ்டில் எடுப்பு தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை ஓடும். ஒரு பருவம் உங்கள் பெயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மச்சானிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

நான்கு ஏக்கரில் ஒரு ஏக்கரைக்கூட ஒரு பருவத்துக்கு விட்டுக்கொடுக்க அப்பா சம்மதிக்கவில்லை என்றால், கிளம்புங்கள். கோபமாகப் போக வேண்டாம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் பழக்கிவிட்டு, அப்பாவின் மருந்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். குற்றவுணர்ச்சியும் வேண்டாம். ஏழு வருடம் அவர் பக்கத்தில் இருந்திருக்கிறீர்கள்.

அன்புடன்,
அண்ணன்