மூன்று நிமிடத்தில் என்ன பேசுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மண்டல மீன்வளக் குழுக்கள் கூடும்போது யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று எழுதியிருந்தீர்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டு ஒப்புக்குக் கருத்துக் கேட்கும் சடங்குதானே அது? மீனவர் பேசி ஏதாவது மாறுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சடங்குதான். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பலன் உண்டு.

1976-ஆம் ஆண்டுச் சட்டம் (இப்போது மேக்னஸன்-ஸ்டீவன்ஸ் சட்டம்) எட்டு மண்டலக் குழுக்களை உண்டாக்கியது. மாநிலத்தின் கடல் எல்லை முடியும் இடத்திலிருந்து 200 கடல்மைல் வரை மீன்பிடித் திட்டங்களை வகுப்பது அவற்றின் பொறுப்பு. அதிகாரிகளோடு, ஆளுநர்கள் பரிந்துரைத்து மத்திய அரசு நியமிக்கும் ஆட்களும் உறுப்பினர்கள். இவர்களில் பலர் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களே. அதாவது, நீங்கள் யாரிடம் முறையிடுகிறீர்களோ அவருக்கே அந்த மீனில் பங்கிருக்கலாம். சொந்த ஆதாயத்தை வெளியே சொல்ல வேண்டும், பெரிய ஆதாயம் என்றால் வாக்களிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எனக்கு அது போதவில்லை.

2006-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கதவை அடைத்துவிட்டார்கள். எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்குத் தன் அறிவியல் குழு சொல்லும் அளவைத் தாண்டி மண்டலக் குழு போக முடியாது. கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாது. ஆகவே “இன்னும் கொஞ்சம் பிடிக்க விடுங்கள்” என்று மன்றாடுவது வீண். ஆனால் அந்த அளவை யார் யாருக்குப் பிரிப்பது, எந்த வலை, எந்த மாதம், எந்தப் பகுதியை மூடுவது என்பதெல்லாம் திறந்தே கிடக்கிறது. வட பசிபிக் குழுவில் தனி ஆளுக்கு 3 நிமிடம். “கரையோரத்தை இந்த மாதம் மூடினால் சின்னப் படகுகள் புயல் காலத்தில் வெளிக்கடலுக்குப் போக வேண்டிவரும்” என்று ஒருவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம். கடலில் உயிர்ப் பாதுகாப்பு அந்தச் சட்டத்தின் பத்தாவது தேசிய நெறி, அதாவது எந்தத் திட்டமும் கருத்தில் கொள்ள வேண்டிய விதிகளில் ஒன்று. அனுபவத்தைச் சட்டத்தின் கொக்கியில் மாட்டத் தெரிய வேண்டும்.

அப்புறம், எப்போது பேசுகிறோம் என்பது. மண்டலக் குழு ஒரு திட்டத்துக்கு வாக்களித்த பிறகும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 60 நாள் தருகிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் மத்திய அரசு திட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். திருத்தி எழுத முடியாது. பிரச்சினையை இன்னும் வரையறுத்துக்கொண்டிருக்கும் முதல் கூட்டங்களில், மண்டலக் குழுவுக்கு யோசனை சொல்லும் ஆலோசனைக் குழுவில் பேசுவதுதான் புத்திசாலித்தனம். சிக்கல் என்னவென்றால், அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்திருக்க நிறுவனத்தின் சம்பள ஆளால் முடியும். படகுக்காரருக்கு அத்தனை நாளும் வருமானம் போகும். இணையவழியில் பேசும் வசதி வந்தது கொஞ்சம் ஆறுதல்.

பேச்சோடு நிற்காமல் வாக்கெடுப்பே நடந்ததும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் மீனை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடும் திட்டம், மீனவர்கள் வாக்களித்து ஒப்புக்கொண்ட பிறகே 2007-இல் நடப்புக்கு வந்தது. ஆனால் உரிமம் வைத்திருந்தவர்களுக்கும் சில படகுத் தலைவர்களுக்கும்தான் வாக்கு. படகில் கூலிக்கு உழைத்த மற்றவர்களுக்கு இல்லை. பங்கு கிடைத்தவர்கள் அதைக் குத்தகைக்கு விடலாம் என்று ஆனது. கடலுக்கே போகாதவருக்கு வாடகை கட்டி மீன் பிடிக்க வேண்டியிருக்கிறது என்ற புகார் வளைகுடாவின் மண்டலக் குழு முன் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது.