மஞ்சள் ஒயரைக் கழற்றுங்கள்

கேள்வி: இருபது வருடம் ஓடிய 21 இன்ச் டியூப் டிவியைக் கொடுத்துவிட்டு, 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி வாங்கினோம். எங்கள் வீட்டில் இதுதான் முதல் எச்டி டிவி. பழைய செட்டாப் பாக்ஸை அப்படியே இதில் மாட்டினோம். பழைய டிவியில் பளிச்சென்று தெரிந்த சேனல்கள் இதில் கலங்கலாக இருக்கின்றன, முகமெல்லாம் உப்பித் தெரிகிறது. கடையில் கேட்டால், 'டிவியில் கோளாறு இல்லை, வேண்டுமானால் 9,000 ரூபாய் கூடப் போட்டு 4கே டிவியாக மாற்றிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். மாற்றலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றாதீர்கள். 9,000 ரூபாய் போகும், கலங்கல் போகாது. காரணம், 'பழைய செட்டாப் பாக்ஸை அப்படியே மாட்டினோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் இருக்கிறது.

அந்தப் பாக்ஸ் அனுப்புவது எஸ்டி, அதாவது பழைய சாதாரணத் தரப் படம். குறுக்கே 720, நெடுக்கே 576, மொத்தம் 4,14,720 புள்ளிகள். உங்கள் டிவியின் திரையில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. பாக்ஸ் ஒரு புள்ளி கொடுத்தால் மீதி நான்கை டிவி ஊகித்து நிரப்புகிறது. 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஒன்றை வைத்துக்கொண்டு பத்தொன்பதை ஊகிக்க வேண்டும். வராத விவரத்தை எந்த டிவியாலும் காட்ட முடியாது. டிவி விற்கும்போதே 'வீட்டில் என்ன பாக்ஸ்?' என்று அந்தக் கடை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது முதல் தவறு. குறை சொல்லிப் போன உங்களிடம் 4கேயைத் தள்ளுவது அதைவிடப் பெரிய தவறு.

பழைய டிவியில் மட்டும் எப்படிப் பளிச்சென்று இருந்தது? அந்தத் திரை சிறியது. உங்கள் புதுத் திரையின் பரப்பு அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். டியூப் டிவி இந்த 576 வரிப் படத்துக்காகவே செய்யப்பட்டது. ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவையும், நொடிக்கு 50 தடவை மாற்றி மாற்றி வரைந்தது. வரியின் விளிம்பு மெத்தென்று இருந்ததால், கேபிளில் சேனலை இறுக்கிச் சுருக்கி அனுப்பும்போது விழும் கட்டம் கட்டமான உடைசல் அதில் அமுங்கிப்போனது. புதுத் திரையில் அந்த மறைப்பு கிடையாது. ஒற்றை வரியையும் இரட்டை வரியையும் இதுவே சேர்த்துத் தைக்க வேண்டும். தையல் பிசகினால் ஓடும் பந்தின் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரியும்.

இனி செய்ய வேண்டியது. டிவிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை உள்ள ஏவி ஒயர்தானே இருக்கிறது? சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சளில்தான் வருகிறது. வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து வந்து, டிவிக்குள் மறுபடி பிரிக்கப்படுகின்றன. முழுதாகப் பிரியாது. செய்தி வாசிப்பவர் பொடிக் கட்டம் போட்ட சட்டையில் வந்தால் சட்டை மேல் வானவில் நெளிவது இதனால்தான். சிவப்பும் நீலமும் சந்திக்கிற ஓரத்தில் பொடிப்புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல ஊர்வதும் இதனால்தான்.

இந்த மஞ்சள் ஒயரில் எச்டி படம் வரவே வராது. இதை அழுத்திச் சொல்கிறேன். எச்டி பாக்ஸ் வாங்கி, மாதாமாதம் எச்டிக்குப் பணம் கட்டி, பாக்ஸை மாட்ட வந்தவர் பழைய ஏவி ஒயரையே செருகிவிட்டுப் போய், எஸ்டி படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற வீடுகள் நிறைய. கேபிள்காரரிடமோ டிஷ் நிறுவனத்திடமோ எச்டி பாக்ஸ் கேளுங்கள். அதை, படமும் ஒலியும் ஒன்றாகப் போகிற எச்டிஎம்ஐ ஒயரில் மட்டும் இணையுங்கள். ஒன்றரை மீட்டர் சாதாரண ஒயர் போதும். தங்க முலாம் பூசிய விலை உயர்ந்த ஒயர் படத்தை அழகாக்காது. அதில் போவது டிஜிட்டல் சமிக்ஞை. ஒயர் கெட்டுப்போனால் படம் மங்காது. வெள்ளைப் பொறி பறக்கும், அல்லது திரை விட்டு விட்டுக் கறுப்பாகும்.

மாட்டிய பிறகு பாக்ஸ் மெனுவில் வீடியோ அல்லது டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், ரெசொல்யூஷனை (படத்தின் அளவை) '1080i' என்று வையுங்கள். சில பாக்ஸ்கள் 576லேயே நின்றிருக்கும். பிறகு டிவி ரிமோட்டில் 'இன்ஃபோ' பட்டனை அழுத்தினால் உள்ளே வரும் படத்தின் அளவு திரையில் வரும். அங்கே 576 என்று வந்தால் வேலை இன்னும் முடியவில்லை. 1080 என்று வந்தும் படம் கலங்கலாக இருந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள். ஒரே சேனலுக்கு எஸ்டி ஓர் எண், எச்டி வேறோர் எண். பழக்கத்தில் விரல் பழைய எண்ணுக்கே போகும். நீங்கள் பார்க்கிற சேனல்களின் எச்டி எண்களை ஒரு தாளில் எழுதி ரிமோட் பக்கத்தில் வையுங்கள். பேக்கேஜில் எஸ்டியை எடுத்துவிட்டு அதன் எச்டியைச் சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டாம்.

மூலையில் எச்டி லோகோ இருப்பதாலேயே எல்லாம் எச்டி ஆகிவிடாது. தூர்தர்ஷன் எச்டி ஒளிபரப்பைத் தொடங்கியதே 2010 டில்லி காமன்வெல்த் போட்டிக்குத்தான். அதற்கு முன் டிவிக்காக எடுத்த சீரியல்களில் பெரும்பாலானவை எஸ்டி டேப்பில் பதிந்தவை. எச்டி சேனலில் மறுஒளிபரப்பு செய்தாலும் அவை மங்கலாகத்தான் இருக்கும். அதே சமயம், அவற்றைவிட வயதான சினிமாக்கள் பளிச்சிடும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த படத்துக்குள் எச்டிக்குப் போதுமான விவரம் ஏற்கனவே இருக்கிறது. பிலிம் கெடாமல் இருந்து, நன்றாக ஸ்கேன் செய்தால் வெளியே வந்துவிடும். 1964ல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலாகச் செப்பனிடப்பட்டு 2012ல் மறுபடி தியேட்டருக்கே வந்தது. ஆகவே உங்கள் டிவியைப் பழைய சீரியலை வைத்து எடை போடாதீர்கள்.

உப்பிய முகத்துக்கு வருவோம். எஸ்டி சேனல்கள் பலவற்றின் படம் 4க்கு 3 என்ற வடிவம். உங்கள் திரை 16க்கு 9. திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் ஒவ்வொரு முகமும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், பந்து முட்டையாகும். இழுக்காமல் வைத்தால் 43 இன்ச் திரையில் இரு பக்கமும் சுமார் 12 செ.மீ. கறுப்புப் பட்டை நிற்கும். 'காசு கொடுத்து வாங்கிய திரையில் இடம் வீணாகிறதே' என்று வீட்டில் சொல்வார்கள். வீணாகவில்லை. எடுத்தவர் எடுத்த வடிவத்தில் மனிதர்களைப் பார்ப்பதற்கான விலை அந்தப் பட்டை. கேமராவுக்கு முன்னால் நின்றவரின் முகத்தை உருமாற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பாக்ஸில் ஒரு இழுப்பும் டிவியில் ஒரு இழுப்பும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். பாக்ஸில் 16:9 வைத்து, படத்தை இழுக்காத தேர்வைப் போடுங்கள். டிவியில் 'ஒரிஜினல்' அல்லது '16:9'. ஒரே ஒரு விலக்கு உண்டு. சில எஸ்டி சேனல்களில் அகலப் படம் நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டதுபோல நடுவில் சிறியதாக வரும். அப்போது மட்டும் 'ஜூம்' போடலாம், முகம் கெடாது.

எச்டி சேனலில் கீழே ஓடும் எழுத்து பாதி வெட்டுப்பட்டால், டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை நறுக்குகிறது என்று அர்த்தம். டியூப் டிவிக் காலத்துப் பழக்கம் அது. இங்கே தேவையில்லை. படமும் மழுங்குகிறது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று தேடி மாற்றுங்கள்.

பிக்சர் மோடு 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நூறு டியூப்லைட் எரிகிற கடையில் கண்ணை இழுக்க வைத்த அமைப்பு அது. வீட்டில் தோல் ஆரஞ்சாகும், வெள்ளை வேட்டி நீலமாகும். பகலில் 'ஸ்டாண்டர்ட்', இரவில் 'சினிமா' அல்லது 'மூவி'. மாற்றினாலும் தானே விவிட்டுக்குத் திரும்பினால், முதல் நாள் டிவியை நிறுவும்போது 'ஸ்டோர்' என்று தேர்ந்திருக்கிறார்கள். மெனுவில் 'ஹோம்' ஆக்குங்கள். ஷார்ப்னெஸைக் கூட்டினால் விவரம் கூடாது, விளிம்பைச் சுற்றி வெள்ளைக்கோடுதான் விழும். அசையாமல் நிற்கும் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கோடு மறைகிறவரை குறையுங்கள். எஸ்டியில் இன்னும் கொஞ்சம் குறைத்தால் உடைசல் அடங்கும். 'மோஷன்' என்ற பெயரில் ஏதாவது இருந்தால் சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்ததற்கு நடுவே இல்லாத ஃப்ரேம்களைச் செருகி, சினிமாவை சீரியல் போலாக்குகிற வேலை அது.

டிவியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஷோகேஸுக்கு மேலே ஆறடி உயரத்தில் என்றால் கீழே இறக்குங்கள். பல திரைகளில் கீழிருந்து பார்த்தால் கறுப்பு சாம்பலாகி வண்ணம் வெளுக்கும். சோபாவில் உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. திரையின் நடு அங்கே வர வேண்டும். 43 இன்ச் டிவிக்குக் கீழ் விளிம்பு இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். பாய் போட்டு உட்காருகிற வீடென்றால் இன்னும் தாழ்த்தலாம். எச்டியின் முழு விவரமும் கண்ணுக்கு எட்ட ஆறு ஏழு அடி தூரம் நல்லது. எஸ்டி பார்க்கும்போது பத்தடி தள்ளிப் போங்கள்.

எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் டிவி, பாக்ஸ் இரண்டின் சுவிட்சையும் அணையுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் பாக்ஸ் அடாப்டர் வழியே கசியும் மின்சாரம் போர்ட்டைப் பொசுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மின்னலின் வீச்சு அந்த வழியாகவும் உள்ளே வரும்.

பாக்ஸ் மாற்றுவதற்கு முன்பே, இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கைபேசியில் 1080 அளவில், பகல் வெளிச்சத்தில் வாசலையோ செடியையோ ஒரு நிமிடம் எடுங்கள். அதைப் பென் டிரைவில் போட்டு டிவியின் யுஎஸ்பியில் ஓட்டுங்கள். இலை நரம்பு தெளிவாகத் தெரிந்தால் டிவி நன்றாக இருக்கிறது. கேபிள்காரருக்கு போன் செய்யுங்கள். அந்தப் படத்திலும் மேலிருந்து கீழாகக் கோடு நின்றாலோ, ஒரு மூலை மட்டும் இருண்டிருந்தாலோ, ஒரே இடத்தில் ஒரு புள்ளி எந்தக் காட்சியிலும் நிறம் மாறாமல் நின்றாலோ, அது திரையின் கோளாறு. பில்லையும் வாரன்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போய், இதே மாடலில் வேறு டிவி கேளுங்கள். கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.